மாற்றுப் பிக்கப்: ஒரு தொழிலின் வரலாறு

விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கி, அதிலுள்ள பிக்கப்புகளையும் வயரிங்கையும் கழற்றிவிட்டு வேறு நல்லவற்றைப் பொருத்திக்கொள்வது கிட்டார் வாசிப்பவர்களிடையே இன்று சாதாரணமான பழக்கம். கிட்டாரின் விலையைவிட அதிகமாகப் பிக்கப்புக்குச் செலவழிப்பவர்களும் உண்டு. இதற்கென்றே பிக்கப் செய்து விற்கும் நிறுவனங்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கொரியாவிலும் இருக்கின்றன. ஆனால் இந்தத் தொழில் மலிவு கிட்டாருக்காகத் தோன்றவில்லை. 1970களின் தொடக்கத்தில், பெரிய நிறுவனங்களின் விலையுயர்ந்த புதிய கிட்டார்கள் பழையவற்றைப் போல ஒலிக்கவில்லை என்ற அதிருப்தியில் பிறந்தது அது. மலிவு கிட்டாருக்கு அது இறங்கி வந்தது, கிழக்காசியத் தொழிற்சாலைகள் மரவேலையில் தேறிய பிறகுதான்.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பியும் மட்டுமே. எஃகுத் தந்தி காந்தப் புலத்துக்குள் அதிரும்போது புலம் அசைகிறது. அந்த அசைவு சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கச்சேரி மேடையில் வாசித்த எலெக்ட்ரிக் மாண்டலினிலும் இதே ஏற்பாடுதான். பெரும்பாலான பிக்கப்புகளில் சுற்றப்படும் 42 கேஜ் கம்பி சுமார் 0.063 மில்லிமீட்டர் தடிமன் உடையது. ஏறத்தாழ ஒரு தலைமுடி. ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரின் பழைய பிக்கப் ஒன்றில் அந்தக் கம்பி 8,000 சுற்று அளவில் இருக்கும். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறைக்காரர் எவருக்கும் இந்த வேலை ஒரே பார்வையில் புரிந்துவிடும். சுற்று கூடினால் ஒலி உரக்க வரும். கூடவே உச்ச அலைவெண்கள் மங்கும். காந்தம் எது, கம்பியின் மேல்பூச்சு எது, எவ்வளவு இறுக்கமாகச் சுற்றப்பட்டது என்பதெல்லாம் பிறகு வரும் கணக்குகள். இந்தத் தொழிலின் வரலாறு முழுவதும் உரப்புக்கும் தெளிவுக்கும் இடையிலான பேரம்தான்.

காந்தப் பிக்கப் முதலில் விற்பனைக்கு வந்தது கலிபோர்னியாவில். ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் 1931இல் உருவாக்கி 1932இல் விற்கத் தொடங்கிய மடிக்கிட்டாருக்கு அதன் வடிவத்தால் ‘வாணலி’ என்றே பெயர் நிலைத்தது. காப்புரிமை கிடைத்தது 1937இல். அதே காலத்தில் ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ஹாரி டிஆர்மண்ட் என்பவர் வேறொரு வழியைப் பிடித்தார். சாதாரண மரக் கிட்டாரில் துளையிடாமலே பொருத்திக்கொள்ளும் தனிப் பிக்கப்பை அவர் வடிவமைக்க, ரோ இண்டஸ்ட்ரீஸ் அதைத் தயாரித்து விற்றது. பிக்கப்பைக் கிட்டாரிலிருந்து பிரித்துத் தனிச் சரக்காக விற்க முடியும் என்று காட்டியது 1930களின் நடுவில் வந்த அந்தப் பொருள். ஆனாலும் அது பிக்கப் இல்லாத கிட்டாருக்கு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்ததே தவிர, இருப்பதைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் போடும் எண்ணம் அப்போது யாருக்கும் தேவைப்படவில்லை.

அந்த எண்ணத்துக்கு வழி திறந்தவர் லியோ ஃபெண்டர். அவர் கிட்டார் வாசிக்கத் தெரியாத ரேடியோ மெக்கானிக். பழுதுபார்க்கச் சுலபமாக இருக்க வேண்டும் என்பதையே வடிவமைப்பின் முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டார். 1950இல் வந்து மறு ஆண்டு டெலிகாஸ்டர் என்று பெயர் மாறிய கிட்டாரும், 1954இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரும் திருகாணிகளால் கோர்க்கப்பட்டவை. ஸ்ட்ராடோகாஸ்டரில் மூன்று பிக்கப், மூன்று கண்ட்ரோல், ஒரு ஸ்விட்ச் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் தகட்டில் தொங்குகின்றன. தந்திகளைத் தளர்த்தித் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினால் மின் பாகம் முழுவதும் கையோடு வந்துவிடும். வெளியே போகும் சாக்கெட்டுக்கும் எர்த்துக்கும் செல்லும் ஒயர்களை மட்டும் ஈயம் இளக்கி எடுத்தால் போதும். தன் தொழிற்சாலையின் பிக்கப்பைப் பிறர் கழற்றி எறிவார்கள் என்று ஃபெண்டர் எண்ணியிருக்க மாட்டார். ஆனால் அதற்கு இவ்வளவு தோதாக அதுவரை யாரும் கிட்டார் செய்ததில்லை.

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. தந்தியின் அதிர்வை மட்டுமல்லாமல், சுற்றியுள்ள டிரான்ஸ்ஃபார்மர், விளக்கு, மின்கம்பி எல்லாவற்றின் ரீங்காரத்தையும் அது வாங்கிக்கொள்ளும். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் கிப்சன் நிறுவனத்தில் வேலைபார்த்த சேத் லவர் 1955இல் இதற்கு ஒரு தீர்வைப் பதிவுசெய்தார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றுக்கொன்று எதிரான காந்த முனையும் எதிரான மின் திசையும் கொடுத்தால், வெளியிலிருந்து வரும் ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் கூடும். அதுதான் ஹம்பக்கர். 1957இலிருந்து லெஸ் பால் கிட்டாரில் இது இடம்பெற்றது. காப்புரிமைக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொல்லும் சிறு ஒட்டுச்சீட்டு ஒவ்வொரு பிக்கப்பின் அடியிலும் இருந்தது. அந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ‘பி.ஏ.எஃப்.’ என்றே அந்தப் பிக்கப்புகளுக்குப் பெயராயிற்று. காப்புரிமை 1959 ஜூலையிலேயே கிடைத்துவிட்டபோதும் சீட்டு 1962 வாக்கில்தான் மாறியது. மாறியபோதும் அதில் அச்சான எண் பிக்கப்புக்கு உரியதாக இல்லை; கிட்டார் கலைஞர் லெஸ் பால் பெயரில் இருந்த ஒரு தந்திப்பிடியின் காப்புரிமை எண் அது. போட்டியாளர்களைத் திசைதிருப்பவே கிப்சன் அப்படிச் செய்தது என்று பலர் நம்புகிறார்கள்.

கலமசூவில் அந்தச் சுருள்களைச் சுற்றிய லீசோனா இயந்திரங்கள் சிலவற்றில் தானாக நிற்கும் கணக்கி இல்லை. வேலை செய்பவர் போதும் என்று நிறுத்தும் இடத்தில் நின்றது. சுருளுக்கு 5,000 சுற்று என்பது உத்தேசம் மட்டும். ஒரே பிக்கப்பின் இரு சுருள்களே ஒத்திருக்காது. காந்தத்தின் வகையும் கைக்குக் கிடைத்ததைப் பொறுத்து மாறியது. 1950களின் இறுதியில் கருப்புப் பிளாஸ்டிக் கிடைக்காத நேரங்களில் சுருளின் சட்டங்கள் பாலாடை நிறத்தில் வந்தன. மேலே உலோக மூடி இருந்ததால் நிறத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. ஃபெண்டரிலும் நிலைமை இதுதான். கம்பியைக் கையால் வழிநடத்திச் சுற்றிய பெண் தொழிலாளர்களின் கைவாகு ஒவ்வொரு பிக்கப்பிலும் பதிந்தது. 1956இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த அபிகேல் இபாரா பின்னாளில் கிட்டார் உலகம் முழுவதும் அறிந்த பெயரானார். அவர் சுற்றியவை என்பதற்காகவே பிக்கப்புகளுக்கு விலை கூடியது. அன்றைய தரக்கட்டுப்பாட்டின் தளர்ச்சி, இருபது ஆண்டு கழித்து மர்மமாகவும் வியாபாரமாகவும் மாறியது.

அப்படி மாறியதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்து வந்தன. முதலாவது, உரிமையாளர்கள் மாறினார்கள். 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் 1.3 கோடி டாலர் கொடுத்து ஃபெண்டரை வாங்கியது. கிப்சனின் தாய் நிறுவனம் 1969இல் கைமாறி, பின்னர் நார்லின் என்ற பெயரில் இயங்கியது. உற்பத்தி பெருகப் பெருக, வாசிப்பவர்களின் முணுமுணுப்பும் பெருகியது. இரண்டாவது, 1966இல் ஜான் மேயாலின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் பழைய லெஸ் பால் ஒன்றை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் உச்ச ஒலியில் வைத்து வாசித்தார். அந்த ஒலியை விரும்பியவர்கள் அதே கிட்டாரைக் கடையில் தேடினார்கள். 1958 முதல் 1960 வரை வந்த அந்த மாதிரியைக் கிப்சன் விற்பனை போதாமல் நிறுத்தியிருந்தது. 1968இல் லெஸ் பால் மறுபடி வந்தபோதும், பழையதன் உறுமல் அதில் இல்லை என்றார்கள். பழைய கிட்டாருக்கு விலை ஏறியது. வாங்க வசதியில்லாதவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: கிட்டார் முழுவதும் வேண்டாம், அந்தப் பிக்கப் மட்டும் கிடைக்குமா?

தனிப்பட்ட முயற்சிகள் அதற்கு முன்பே ஆங்காங்கே நடந்துகொண்டிருந்தன. லண்டனில் பள்ளி மாணவராக இருந்த பிரையன் மே 1960களின் தொடக்கத்தில் தந்தையுடன் சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்தார். பிக்கப்பையும் தாமே சுற்றினார். திருப்தி வராமல் பர்ன்ஸ் நிறுவனத்தின் மூன்று பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தினார். உரத்து வாசிக்கும்போது சுருள் அதிர்ந்து கீச்சிடாமலிருக்க அவற்றுக்குள் அரால்டைட் பசையை ஊற்றி இறுக்கினார். அந்தக் கிட்டாரில்தான் குவீன் குழுவின் பெரும்பாலான பாடல்கள் வந்தன. 1969இல் நாஷ்வில்லில் வில்லி நெல்சனின் சேதமடைந்த பால்ட்வின் கிட்டாரிலிருந்து பிக்கப்பை எடுத்து மார்ட்டின் கிட்டாரில் வைத்தார் ஷாட் ஜாக்சன். நெல்சன் அதன்பின் கிட்டாரை மாற்றவில்லை. அதே ஆண்டில் டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்து ஆம்பெக் விற்ற கண்ணாடி போன்ற கிட்டாரில் பிக்கப்பைச் செருகி உருவிக்கொள்ளலாம். பிக்கப்புகளை வடிவமைத்தவர் ஜெர்மனியிலிருந்து வந்த பில் லாரன்ஸ். ஆனாலும் இவையெல்லாம் ஒரு கிட்டாரைக் கெடுத்து இன்னொன்றைச் சீராக்குவதும், தன் நிறுவனத்தின் கிட்டாருக்குள்ளேயே மாற்றிக்கொள்வதும்தான். எந்தக் கிட்டாருக்கும் போடலாம் என்று அட்டைப் பெட்டியில் வைத்துக் கடை அலமாரியில் விற்கப்பட்ட பிக்கப் இன்னும் வரவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் லாரி டிமார்சியோ. நியூயார்க்கில் கிட்டார் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அவர் 1970களின் தொடக்கத்தில் ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ என்ற ஹம்பக்கரை வெளியிட்டார். பழைய பி.ஏ.எஃப். ஒன்றின் மின்தடை பொதுவாக 7.5 முதல் 8.5 கிலோ ஓம் வரை இருக்கும். இதில் அது 13க்கு மேல். கம்பி கூடுதல், காந்தமும் ஆல்னிகோ என்ற உலோகக்கலவைக்குப் பதில் வலுவான செராமிக். பழையதைப் பிரதியெடுக்கும் நோக்கமே இதில் இல்லை. வால்வு ஆம்ப்ளிஃபயரின் முதல் கட்டத்தை அளவுக்கு மீறித் தள்ளி, ஒலியை உடைத்து உறுமவைப்பதுதான் அதன் வேலை. அளவு மட்டும் கிப்சன் அளவு. பழைய திருகாணித் துளையிலேயே உட்கார்ந்தது. கிஸ் குழுவின் ஏஸ் ஃப்ரேலியும் ஜாஸ் வாசித்த ஆல் டி மியோலாவும் ஒரே பிக்கப்பைப் பயன்படுத்தினார்கள் என்பதே அதன் வீச்சுக்குச் சான்று. மூடியில்லாத பாலாடை நிற இரட்டைச் சட்டம் அதன் அடையாளம். அந்த நிறத்தையும் பி.ஏ.எஃப். என்ற சொல்லையும் டிமார்சியோ வணிகக் குறியாகப் பதிந்துகொண்டது. கலமசூவில் பிளாஸ்டிக் பற்றாக்குறையால் நேர்ந்த நிறத்தை அமெரிக்காவில் வேறு யாரும் இரண்டு சட்டங்களிலும் போட்டு விற்க முடியாமல் போனது இந்த வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

சீமோர் டங்கன் வந்த வழி வேறு. நியூஜெர்சியில் சிறுவனாக இருந்தபோது பழுதாகிவிட்ட தம் டெலிகாஸ்டர் பிக்கப்பை, நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் ரெக்கார்டு பிளேயரின் தட்டில் வைத்துத் தாமே மறுபடி சுற்றியவர். 1970களின் முற்பகுதியில் லண்டனுக்குப் போய் ஃபெண்டரின் பழுதுபார்ப்புப் பிரிவில் வேலைசெய்தார். அங்கே ஜெஃப் பெக்கைச் சந்தித்தார். கெட்டுப்போன இரண்டு பழைய கிப்சன் ஹம்பக்கர்களை மறுபடி சுற்றி, குடைந்து சிதைந்திருந்த ஒரு டெலிகாஸ்டரில் பொருத்தி அவருக்குக் கொடுத்தார். பெக் 1975இல் வெளியிட்ட ‘ப்ளோ பை ப்ளோ’ தொகுப்பில் அந்தக் கிட்டார் ஒலிக்கிறது. அமெரிக்கா திரும்பிய டங்கன், கேத்தி கார்ட்டர் டங்கனுடன் சேர்ந்து 1976இல் சாண்டா பார்பராவில் நிறுவனம் தொடங்கினார். டிமார்சியோ புதிய ஒலியை விற்றார் என்றால் டங்கன் பழைய ஒலியின் அளவுகளைத் தேடிப் பதிந்து விற்றார். கிப்சனின் கலமசூ ஆலை 1984இல் மூடப்பட்ட பின் அங்கிருந்த லீசோனா இயந்திரம் ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தது. 1994இல் சேத் லவரையே அழைத்து அவர் பெயரிலேயே ஒரு பிக்கப்பை வெளியிட்டார். நான்கு தசாப்தம் கழித்து, தான் கண்டுபிடித்த பொருளை வேறொரு நிறுவனத்துக்காக மறுபடி செய்து கொடுத்தார் லவர்.

இவர்களுக்கெல்லாம் சந்தையைத் திறந்துவிட்டது ஒரு மலிவு கிட்டார். 1978 பிப்ரவரியில் வெளியான வான் ஹேலன் குழுவின் முதல் தொகுப்பில் எடி வான் ஹேலன் வாசித்தது, தள்ளுபடி விலைக்கு வாங்கிய உடலும் கழுத்தும் சேர்த்துத் தாமே கோர்த்த கருவி. உடல் 50 டாலர், கழுத்து 80 டாலர் என்பது அவரே சொன்ன கணக்கு. அதில் ஒரு கிப்சன் கிட்டாரிலிருந்து பிடுங்கிய பி.ஏ.எஃப்.ஐ வைக்க மரத்தைக் குடைந்தார். உரத்த ஒலியில் கீச்சிடாமலிருக்கப் பிக்கப்பை உருகிய மெழுகில் முக்கி எடுத்தார். பல பிக்கப்புகள் அப்படிச் செய்யும்போது உருகி வீணானதாகவும் சொல்லியிருக்கிறார். மெழுகு 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் வளையும். வயரிங்கோ இன்னும் எளிது: ஒரு பிக்கப், ஒரு வால்யூம் கண்ட்ரோல், ஒரு சாக்கெட். அந்தக் கண்ட்ரோலின் குமிழில் ‘டோன்’ என்று எழுதியிருந்தது. டோன் கண்ட்ரோல் என்ற ஒன்று அதில் கிடையாது. கழுத்துப் பக்கம் பின்னாளில் வைத்த ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஒயரே இணைக்கப்படவில்லை; பார்ப்பவரைக் குழப்பவே அது. ஆயிரம் டாலர் கிட்டார் வைத்திருந்தவர்கள் அந்த ஒலிக்குத் திண்டாடியபோது, நூற்றுச் சொச்சம் டாலருக்கு மரமும் ஒரு நல்ல பிக்கப்பும் போதும் என்ற செய்தி பதின்வயதினரிடம் போய்ச் சேர்ந்தது. அதே காலத்தில் கலிபோர்னியாவில் ஷெக்டரும் சார்வெலும், பிறகு வாஷிங்டன் மாநிலத்தில் வார்மோத்தும் கிட்டாரை உதிரி உதிரியாக விற்கத் தொடங்கியிருந்தன.

1976இல் ராப் டர்னர் லாங் பீச்சில் தொடங்கிய ஈ.எம்.ஜி. இன்னொரு கிளை. குறைந்த சுற்றுள்ள சுருள், பிக்கப்புக்குள்ளேயே சிறு ஆம்ப்ளிஃபயர், அதற்கு 9 வோல்ட் பேட்டரி. இரைச்சல் கிட்டத்தட்ட இல்லை. மெட்டாலிக்கா போன்ற குழுக்கள் இதைப் பிடித்துக்கொண்டன. உயிரற்ற ஒலி என்று ஒதுக்கியவர்களும் உண்டு. ஈயமே வைக்காமல் செருகிப் பொருத்தும் இணைப்புகளைப் பரவலாக்கியதும் இந்த நிறுவனம்தான்.

பிக்கப்பைப் பற்றி எவ்வளவு பேச்சு நடந்ததோ அவ்வளவு வயரிங்கைப் பற்றி நடக்கவில்லை. ஒலியின் குணத்தில் பாதியைத் தீர்மானிப்பது அதுதான். பிக்கப்பின் சுருளும், கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. ஒலியில் கேட்கும் பளபளப்பு அதுவே. வால்யூம் கண்ட்ரோல் அந்தச் சுருளுக்கு இணையாக நின்று அந்த முகட்டை மழுக்குகிறது. தடை குறைந்தால் மழுக்கல் அதிகம். அதனால்தான் ஃபெண்டர் தன் பளீரென்ற ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓமும், கிப்சன் சற்றே இருண்ட ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓமும் வைத்தன. நார்லின் காலத்தில் கிப்சன் வால்யூமுக்கு 300ம் டோனுக்கு 100ம் வைக்கத் தொடங்கியது. எழுபதுகளின் லெஸ் பால் மந்தமாக ஒலிக்கிறது என்ற புகாரில் பிக்கப்பின் குற்றம் எவ்வளவு, இந்தக் கண்ட்ரோல்களின் குற்றம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. சில டாலரில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்துக்குப் பலர் புதிய பிக்கப் வாங்கினார்கள் என்பதே நியாயமான முடிவு.

வயரிங்கில் வந்த மாற்றங்களில் சில வாசிப்பவர்களின் குறும்பிலிருந்து பிறந்தவை. ஸ்ட்ராடோகாஸ்டரில் முதலில் இருந்தது மூன்று நிலை ஸ்விட்ச். அதை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தினால் இரண்டு பிக்கப் ஒன்றாகப் பேசும், மூக்கடைத்தது போன்ற இனிய ஒலி கிடைக்கும் என்று கண்டுகொண்டவர்கள் தீப்பெட்டிக் குச்சியைச் செருகிக்கூட நிறுத்தினார்கள். உதிரிபாகக் கடைகள் ஐந்து நிலை ஸ்விட்சை விற்க, 1977இல் ஃபெண்டரே அதைத் தொழிற்சாலையில் பொருத்தியது. ஹம்பக்கரின் நான்கு முனைகளையும் தனித்தனி ஒயராக வெளியே கொண்டுவந்து, கண்ட்ரோலின் குமிழை இழுத்தால் ஒரு சுருள் மட்டும் பேசும்படி செய்வதும் எழுபதுகளின் வரவு.

மலிவு கிட்டாரின் பக்கம் இதே காலத்தில் வேறொரு வரலாறு நடந்தது. 1960களில் அமெரிக்காவில் மலிவு கிட்டார் என்றால் சியர்ஸ் நிறுவனம் விற்ற சில்வர்டோன்; டேன்எலெக்ட்ரோ செய்தவற்றில் பிக்கப் உதட்டுச்சாயக் குழாய்க்குள் இருந்தது. ஜப்பானிலிருந்து டெய்ஸ்கோவும் கையாடோனும் வந்தன. இவற்றில் பிக்கப்பை மாற்றிப் பயனில்லை. கழுத்து வளைந்தால், சுருதி நிற்காவிட்டால், எந்தக் காந்தமும் காப்பாற்றாது. எழுபதுகளில் நிலைமை மாறியது. மட்சுமோட்டோவில் 1960இல் தொடங்கிய ஃபுஜிஜென் ஆலை, ஐபனேஸ், கிரெகோ போன்ற பெயர்களில் அமெரிக்க வடிவங்களை நுணுக்கமாகப் பிரதியெடுத்தது. 1977இல் கிப்சன் தரப்பு தலைப்பகுதியின் வடிவத்துக்காக ஐபனேஸின் அமெரிக்க விநியோகஸ்தர் மீது பிலடெல்ஃபியாவில் வழக்குப் போட்டதே அந்தப் பிரதிகளின் தரத்துக்குக் கொடுத்த நற்சான்று. வழக்குப் போதாது என்று உணர்ந்த ஃபெண்டர் 1982இல் ஜப்பானிலேயே கூட்டு நிறுவனம் அமைத்து, தான் 1965இல் வாங்கிவைத்திருந்த ஒரு தந்தி நிறுவனத்தின் பெயரான ஸ்குவயரைத் தன் மலிவு வரிசைக்குச் சூட்டியது. எண்பதுகளின் பிற்பகுதியில் உற்பத்தி கொரியாவுக்கும், பின்னர் சீனாவுக்கும் இந்தோனேஷியாவுக்கும் நகர்ந்தது. கிப்சனின் எபிஃபோனும் ஜப்பான், கொரியா, சீனா என்ற அதே பாதையில் போனது.

கணினி வழியில் மரம் கடையும் இயந்திரங்கள் பரவிய பிறகு, மலிவு ஆலையிலும் கழுத்து நேராகவும் பொருத்து இறுக்கமாகவும் வரத் தொடங்கின. மரவேலையில் சேமிக்க இடமில்லாமல் போனதும் சேமிப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிற்று. கடையில் கிட்டார் எடுத்துப் பார்ப்பவர் நிறத்தையும் கழுத்தையும் பார்ப்பார். தகட்டைக் கழற்றிப் பார்க்கமாட்டார். மலிவு ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவங்களில் தந்திக்கு ஒரு ஆல்னிகோ காந்தக் குச்சி என்ற பழைய முறைக்குப் பதில், வெறும் எஃகுக் குச்சிகளும் அவற்றின் அடியில் ஒட்டிய செராமிக் காந்தப் பட்டையும் வந்தன. 24 மில்லிமீட்டர் கண்ட்ரோலுக்குப் பதில் 16 மில்லிமீட்டர். உலோக உறையுள்ள ஸ்விட்சுக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டி. மின்கவசப் பூச்சு பெயரளவுக்கு. இவை எல்லாம் திருகாணியால் பொருத்தியவை என்பதுதான் வாங்குபவரின் அதிர்ஷ்டம். எழுபதுகளில் விலையுயர்ந்த கிட்டாருக்காகப் பிறந்த மாற்றுப் பிக்கப் தொழிலுக்கு மிகப் பெரிய களம் இங்கேதான் அமைந்தது.

வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை, தடங்கல்கள் உண்டு. பெரிய கண்ட்ரோலின் தண்டுக்குத் தகட்டிலுள்ள துளை போதாது. அரத்தாலோ ரீமராலோ பெரிதாக்க வேண்டும். மலிவு கிட்டாரின் உடல் மெல்லியதாக இருந்தால் நல்ல ஸ்விட்சின் அடிப்பகுதி குழியின் தரையில் இடிக்கும். பாலத்தில் தந்திகளின் இடைவெளி 10.5 மில்லிமீட்டர் உள்ள கிட்டாரில் பழைய ஃபெண்டர் இடைவெளிக்குச் செய்த பிக்கப்பை வைத்தால் ஓரத் தந்திகள் காந்தக் குச்சிக்கு நேராக வராது. கண்ட்ரோலின் முதுகில் எர்த் ஒயரை ஒட்டுவதுதான் புதியவர் தடுமாறும் இடம்: உலோகம் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், குறைந்த வாட் சால்டரிங் அயனை நெடுநேரம் அழுத்திப் பிடித்து உள்ளேயிருக்கும் கார்பன் தடத்தைக் கருக்கிவிடுவார்கள். மேற்பரப்பைச் சற்றுச் சுரண்டி, சூடான அகல முனையால் சில நொடியில் வைத்து எடுத்தால் ஈயம் பளபளவென்று படியும். குழியின் சுவரில் செப்புத் தாளை ஒட்டி, அதையும் எர்த்தில் இணைத்தால் ஸ்விட்ச், கண்ட்ரோல், ஒயர் வழியாக வரும் இரைச்சல் பெருமளவு அடங்கும். ஒற்றைச் சுருள் காந்தப் புலத்திலிருந்து வாங்கும் ரீங்காரம் மட்டும் மிஞ்சும். வெவ்வேறு நிறுவனத்தின் இரண்டு பிக்கப்பைச் சேர்த்து வைத்து, இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்போது சத்தம் மெலிந்து உள்ளீடற்றுப் போனால், ஒன்றின் திசை மாறியிருக்கிறது என்று பொருள். அதன் இரு ஒயரையும் இடம் மாற்றினால் சரியாகும்.

இந்த அறிவு முதலில் பழுதுபார்ப்பவர்களின் பட்டறைக்குள் இருந்தது. 1967இல் தொடங்கிய ‘கிட்டார் பிளேயர்’ இதழும், ஒஹையோவின் ஏதென்ஸ் நகரிலிருந்து தபாலில் கருவிகளும் பாகங்களும் விற்ற ஸ்டுவர்ட் மெக்டொனால்டும், பிக்கப் நிறுவனங்கள் பெட்டிக்குள் வைத்த வயரிங் படங்களும் அதை வெளியே கொண்டுவந்தன. தொண்ணூறுகளில் ஜேசன் லாலர் பிக்கப் சுற்றும் இயந்திரத்தை வீட்டிலேயே செய்வது எப்படி என்று ஒரு கையேடு எழுதினார். அவரும் வர்ஜீனியாவில் லிண்டி ஃப்ராலினும், 2003க்குப் பின் இங்கிலாந்தில் பேர் நக்கிளும் சிறு பட்டறை அளவில் கையால் சுற்றிய பிக்கப்புக்குப் பெயர் பெற்றார்கள். இதன் நிழலில் மூடநம்பிக்கைகளும் வளர்ந்தன. ஐம்பதுகளின் கிப்சனில் இருந்த, வரிவரியான நிறக்கோடுகளால் ‘பம்பிள்பீ’ என்று பெயர்பெற்ற கெப்பாசிட்டர்கள் இன்று எடைக்கு எடை தங்கம் போல விற்கின்றன. 0.022 மைக்ரோஃபாரட் என்பது எந்த உறைக்குள் இருந்தாலும் டோன் கண்ட்ரோலில் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்கிறது. பழைய எண்ணெய்த்தாள் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் அளவு மாறியிருப்பதுதான் கேட்கும் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம்.

பெரிய நிறுவனங்கள் இந்தத் தொழிலிலிருந்து பாடம் கற்காமல் இல்லை. கிப்சனில் டிம் ஷா 1980 வாக்கில் பழைய பி.ஏ.எஃப்.ஐ மறுபடி வடிவமைத்தார். மலிவு வரிசைகளிலும் மாற்றம் வந்தது: 2000களில் ஸ்குவயரின் சில மாதிரிகள் கொரியாவில் செய்த ‘டங்கன் டிசைன்ட்’ பிக்கப்புகளோடு வந்தன; 2008இல் தொடங்கிய ஸ்குவயர் ‘கிளாசிக் வைப்’ வரிசை ஆல்னிகோ காந்தங்களோடே ஆலையிலிருந்து வெளியேறியது. கொரியாவின் ஆர்ட்டெக் போன்ற தயாரிப்பாளர்கள் பல பிராண்டுகளுக்குச் செய்துகொடுக்கும் ஆல்னிகோ பிக்கப்புகள், பெரிய பெயருள்ளவற்றின் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கின்றன. 2014இல் ஃபிஷ்மன் நிறுவனம் சுற்றிய கம்பியையே கைவிட்டு, அச்சிட்ட தகடுகளை அடுக்கிச் சுருளாக்கிய ‘ஃப்ளூயன்ஸ்’ பிக்கப்பை வெளியிட்டது.

இதனால் பிக்கப் மாற்றுவதற்கான கணக்கும் மாறிவிட்டது. முப்பது ஆண்டுக்கு முன் மலிவு கிட்டாரில் மாற்றம் தவிர்க்க முடியாதது. இன்று அது விருப்பம். இருப்பதன் உயரத்தைத் தந்திக்குச் சரியாக அமைத்து, கண்ட்ரோல், ஸ்விட்ச், சாக்கெட் மூன்றையும் மாற்றிப் பார்த்த பிறகும் குறை தெரிந்தால் மட்டும் பிக்கப்பைத் தொடுவது என்பது பழுதுபார்ப்பவர்களின் வரிசை. பிக்கப்புக்குப் போட்ட பணம் கிட்டாரின் மறுவிற்பனை விலையில் திரும்ப வருவதில்லை. மலிவு கிட்டாரை மலிவு விலைக்கே கேட்பார்கள். ஆகவே அனுபவமுள்ளவர்கள் கழற்றிய பழைய பிக்கப்பையும் கண்ட்ரோலையும் தகட்டோடு சேர்த்துப் பெட்டியில் போட்டு வைக்கிறார்கள். கிட்டாரை விற்கும் நாளில் பழையதை மறுபடி ஏற்றிக் கொடுத்துவிட்டு, நல்ல பிக்கப்பை அடுத்த கிட்டாருக்கு எடுத்துப்போகிறார்கள்.